அடையாளம் தெரியாத சாதனம்

மூன்றாவது தடவையும் அதே வாசகம்தான் திரையின் வலது மூலையில் வந்து உட்கார்ந்தது, சாதனம் அடையாளம் தெரியவில்லை என்று. எட்டு மாதமாக இதே ஒயர், இதே ஓட்டை, இதே கம்ப்யூட்டர், நேற்று மத்தியானம் வரைக்கும் தெரிந்த மூஞ்சி இன்றைக்குத் தெரியாமல் போய்விட்டதாம், திடீர்ப் பணக்காரனான சொந்தக்காரன் மாதிரி, என்று முனகிக்கொண்டே சாந்தாமணி ஒயரைப் பிடுங்கி, ஓட்டைக்குள் ஒரு ஊது ஊதி, மறுபடியும் சொருகினாள். ஒன்பதே முக்கால். பதினொரு மணிக்கு மிதுனா வந்துவிடுவாள். செவ்வாயும் வெள்ளியும் பதினொன்று என்றால் பதினொன்று, ஸ்கூட்டரை எதிர்வீட்டு வேப்ப மர நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியில் தலைமுடியை ஒரு தட்டுத் தட்டி, செருப்பை வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு, "சார் ரெடியா ஆன்ட்டி?" என்பாள். அவர் சார், நான் ஆன்ட்டி. இதை ஒருநாள் நேராகவே கேட்டுவிட வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்த மனிதர் சாராம், அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்கு மட்டும் எந்த வழியில் அண்ணன் மகள் ஆனாளாம். ஜன்னலோர நாற்காலியில் தண்டபாணி உட்கார்ந்திருந்தார், குளித்து, திருநீறு வைத்து, நீலச் சட்டை போட்டு. நீலம்தான் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அலமாரியைத் திறந்து சந்தனக் கலரை எடுத்தபோது தலையை மட்டும் ஆட்டினார், சாம்பல் கலருக்கும் ஆட்டினார், நீலத்துக்கு நிறுத்திக்கொண்டார். நீலமுங்களா, செவ்வாய்க்கிழமை நீலமுங்களா, என்று அவள் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், கடைசிப் பட்டனைக் கொஞ்சம் வேகமாக. அவருக்கு முன்னால் பலகை மேல் அந்தப் பெரிய கீபோர்டு, ஒவ்வொரு கட்டையும் மாரி பிஸ்கட் அகலம், மஞ்சளில் கறுப்பு எழுத்து, அதிலிருந்து ஒரு ஒயர் தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் கம்ப்யூட்டருக்கும். பெட்டியில் ஒரு பொட்டு வெளிச்சம், பச்சை எரிந்தால் அவர் பேசலாம். இப்போது சிவப்பு. அவர் இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை, இன்னொரு தடவை அழுத்தினார், அப்புறம் கையை எடுத்து மடியில் இருந்த வலது கையின் மேல் வைத்துக்கொண்டார், தூங்குகிற குழந்தை மேல் வைக்கிற மாதிரி. "இருங்க, பாத்துட்டுத்தானே இருக்கறேன், அதுக்குள்ள என்ன அவசரம்" என்றாள். அவர் அவசரப்படவில்லை. அவர் எதற்கும் அவசரப்படுவதில்லை. அவசரமெல்லாம் இந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான்.

அவசரம்தான் இதற்கும் காரணம், ஒத்துக்கொள்கிறாள், யாரும் கேட்காவிட்டாலும். பத்து நாளாகக் கம்ப்யூட்டர் கெஞ்சிக்கொண்டிருந்தது, புதிய பதிப்பு தயார், இப்போதா பிறகா, இப்போதா பிறகா, என்று பால்காரன் பாக்கி கேட்கிற மாதிரி ஒரு நாளைக்கு நாலு தடவை. அவர் டைப் அடிக்கிற நடுவில் வந்து எழுத்தை மறைக்கும், அவள் ஓடிவந்து பிறகு என்று அழுத்த வேண்டும். நேற்று மத்தியானம் ரசம் பொங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி டிங் என்றது. சனியனே, இப்போதே எடுத்துக்கொள், என்று அழுத்திவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை. கரண்டியும் கையுமாக இருக்கிற ஒருத்தி வேறு என்ன யோசித்திருக்க முடியும். ஆனால் அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றாளே, அம்பு அந்தக் கட்டத்தின் மேல் நின்றதே, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒரு நினைப்பு வந்ததே, அது எதற்கு வந்தது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, கீரை வாங்க வேண்டும், என்றுதான் வந்திருக்கும். கீரைதான். அவள் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா வெள்ளிக்கிழமைதோறும் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு, போகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள், இந்துப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் நீதிபோதனை, இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். கண்ணை மூடி யோசியுங்கள், வேண்டுமென்றே செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா, இரண்டும் வேறு வேறு. சாந்தாமணிதான் முதலில் கையைத் தூக்குவாள், சிஸ்டர், நான் யோசித்து முடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் முதலில் கையைத் தூக்குவாள். கேள்வி முழுசாக வருவதற்கு முன்பே பதில், மற்றவர்களையும் கொஞ்சம் பதில் சொல்ல விடு பெண்ணே, என்று ஸ்கேலால் அந்தக் கையை மெதுவாக இறக்கிவிடுவாள் சிஸ்டர். சரி, ரீஸ்டார்ட். நீல வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றியது.

வட்டம் சுற்றுகிற நேரத்தில்தான் வேண்டாத ஞாபகமெல்லாம் வந்து குந்திக்கொள்கிறது. போன வெள்ளிக்கிழமை மைனா. கீபோர்டோடு வந்த மென்பொருள் அவர் அடிக்கிறதையெல்லாம் தேதி போட்டுச் சேர்த்து வைக்கும், மிதுனா முன்னேற்றம் பார்ப்பதற்காக. சாந்தாமணி சாயங்காலம் அதைத் திறந்து படிப்பாள், வேறு வீட்டுப் பெண்கள் புருஷன் சட்டைப் பையைப் பார்க்கிற மாதிரி, இதில் ஒளிவு மறைவு என்ன, கட்டின பெண்டாட்டி. சனி ஞாயிறு திங்கள் மூன்று நாளும் அவளுக்கு வந்தவை: தண்ணி. ஃபேன். போதும். பாத்ரூ. போதும். டிவி. பாத்ரூம் கூட முழுசாக இல்லை, அதற்குள் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பாள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு வந்தது: நேற்று மழை பெய்தபோது ஜன்னல் கம்பியில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. எனக்கு அது என்னைப் பார்த்துச் செய்கிற மாதிரி இருந்தது. சிரித்தேன். சிரித்தாராம். அந்த மழையில் சாந்தாமணியும் இதே அறையில்தான் இருந்தாள், துணி மடித்துக்கொண்டு, நாலு அடி தள்ளி. மைனாவும் தெரியாது சிரிப்பும் தெரியாது. சிரிப்பு என்றால் இப்போது அவருக்கு இடது கன்னம் மட்டும் ஒரு நூல் மேலே ஏறும், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். யார் பார்த்துக்கொண்டே இருப்பது. குக்கர் யார் இறக்குவது. அந்தப் பெண்ணுக்கு என்ன, முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு சர்ட்டிபிகேட். நீங்க பக்கத்துல உக்காந்தா சார் பேச மாட்டார் ஆன்ட்டி, உள்ள வேலை இருந்தாப் பாருங்களேன், என்று எவ்வளவு பதவிசாக வெளியே அனுப்பினாள் முதல் நாளே. என் வீட்டில் என்னை. அந்தப் பெண் கேட்கிற கேள்வி சாந்தாமணிக்குச் சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது, "சார், அப்புறம் என்ன ஆச்சு?" அப்புறம் என்ன ஆச்சு. முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷனிடம் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பாளா. கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லையே, மோட்டார் பம்பு விற்கிறவர் வாய், கம்பெனி ஜீப்பில் உடுமலை, தாராபுரம், காங்கேயம் என்று சுற்றிவிட்டு வந்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர், எந்தக் கவுண்டர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்து இது என் மச்சானைவிடச் சூடாயிருக்கே என்றார், அந்த மச்சான் யார், மச்சானுக்கும் கவுண்டருக்கும் வரப்புத் தகராறு எப்படி வந்தது, என்று சோற்றில் கை காய்கிற வரைக்கும். சுருக்கமாச் சொல்லுங்க, சட்டி கழுவோணும், என்பாள். சுருக்கமாச் சொல்லுங்க. இப்போது சுருக்கமாகத்தான் சொல்கிறார்.

திரை வந்தது. சிவப்பு. பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாச் சாதனங்களும் வரிசையாக யோக்கியமாக நிற்க, இதன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. பழைய இயக்கிக்குத் திரும்பு என்ற பொத்தான், இயக்கி என்றால் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்துகிற டிரைவராம், வெளுத்துப்போய் அமுங்கவே மாட்டேன் என்றது. நீக்கு என்று கொடுத்தாள், நீங்கியது, மறுபடி தேடு என்றாள், தேடி அதே முக்கோணத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது, தொலைந்த பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வருகிற போலீஸ்காரன் மாதிரி. பத்து மணி. கீபோர்டு விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள், கேட்டாள், அப்புறம் ஒரு ஆள் வந்தான், பெயர் ஏதோ ஜெபசீலன் என்றான். "மேடம், சிஸ்டத்தை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" "நாலு தடவை பண்ணியாச்சு. இன்னொரு தடவை பண்ணுனா அதுக்குச் சாமி வந்துரும்." "கேபிள் லூஸா இருக்கான்னு..." "கேபிளும் லூஸ் இல்ல, நானும் லூஸ் இல்ல. நேத்துப் புது வெர்ஷன் ஏறுச்சு, அதுலிருந்து உங்க பெட்டி செத்துப்போச்சு. அதுக்குப் புது டிரைவர் இருக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்." "அடுத்த மாசம் ரிலீஸ் ஆகுங்க மேடம்." "அடுத்த மாசம் வரைக்கும் எங்க வீட்டுக்காரர் வாயை மூடிட்டு உக்காந்திருக்கட்டுமா?" "சாரி மேடம். யூசர் பேஷண்ட்டுங்களா?" என்றான், குரல் மாறிவிட்டது. அந்த மாறிய குரல் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, எல்லோரும் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலை மாற்றிக்கொள்கிறார்கள், என்னோடு பேசும்போது ரீஸ்டார்ட். "பேஷண்ட் இல்லீங். எங்க வீட்டுக்காரர்" என்று போனை வைத்தாள். திரும்பினால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் ஏறியிருந்ததா என்ன. வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வந்தது, சரியாகத் தெரியவில்லை. "என்னங்க, சிரிக்கறீங்களா, சொன்னாத்தானே தெரியும்" என்றாள், சொல்ல முடியாத ஆளிடம் போய்ச் சொன்னால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கடித்துக்கொண்டது தெரியாமலிருக்க அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே டாக்டர் தெளிவாகச் சொன்னார், சொல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதம்மா, வாய்க்கு வரும் பாதைதான் அடைந்துவிட்டது. உள்ளே பத்திரமாக. அப்படியென்றால் உள்ளே இன்னும் அத்தனை கவுண்டர்களும் அத்தனை மச்சான்களும் இருக்கிறார்கள், இரவும் பகலும் வரப்புத் தகராறு நடக்கிறது, அவளுக்கு மட்டும் தண்ணி, ஃபேன், போதும். தண் என்று இரண்டு எழுத்து வந்ததுமே டம்ளர் வந்துவிடுகிறது, அதில் என்ன தப்பு, மனுஷன் ஒற்றை விரலால் கஷ்டப்பட வேண்டாமே என்றுதானே. ஒருநாள் தண் என்று அடித்தார், டம்ளரை நீட்டினாள், அவர் அதையே பார்த்துவிட்டுக் குடித்துக்கொண்டார். குடிக்கிறதற்கு முன்னால் ஏன் பார்த்தார். தண் என்று ஆரம்பிக்கிறது எத்தனையோ இருக்கிறது, தண்டவாளம், தண்டல்காரர், தண்டபாணி. அவர் பெயரையே எழுத வந்திருந்தாலும் டம்ளரைத்தான் நீட்டியிருப்பாள். அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு அவள் மறுபடி பட்டியலுக்குப் போனாள். பத்து இருபது. இன்றைக்கு மிதுனா என்ன கேட்பாள், இவர் என்ன சொல்வார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் சேர்ந்திருக்கும், நாலு நாளும் என் கூடவே இருந்துவிட்டு நாலு நாளையும் அவளுக்கென்று மடித்து வைத்திருப்பார், நீலச் சட்டை மாதிரி. இந்தச் சிவப்புப் பொட்டு இப்படியே எரிந்தால்தான் என்ன. சாரி மிதுனா, அடுத்த மாசம்தான் சரியாகுமாம், கம்பெனிக்காரனே சொல்லிவிட்டான். பொய்கூட இல்லை, அவன் பெயரே இருக்கிறது. ஒரு மாதம். ஒரு மாதத்தில் அவருக்கு என்னைத் தவிர வேறு வழி இருக்காது. ச்சீ, என்ன புத்தி இது, என்று மனதுக்குள் ஒரு குரல், சிஸ்டர் பெனடிக்டா குரல் இல்லை, அவளுடையதேதான், ஆனால் கை நிற்கவில்லை, கைக்கு வேறு புத்தி, ஒரு வேலையைப் பாதியில் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, பொத்தான் பொத்தானாகப் போய்க்கொண்டிருந்தது. இயக்கியைப் புதுப்பி. இணையத்தில் தேடாதே. என் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் காட்டு. காட்டியது. ஒரே பெயரில் இரண்டு வரி. மேலே இருப்பது நேற்று வந்தது, கீழே இருப்பது எட்டு மாதத்துக்கு முந்தியது, தேதி மட்டும்தான் வித்தியாசம், புதுசு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பழசைக் கேட்பார் இல்லை. அப்படியா சங்கதி. சாந்தாமணி கீழே இருந்ததை அழுத்தினாள். இது பொருந்தாமல் போகலாம், நிச்சயமா, என்று பயமுறுத்தியது. என்னையா கேட்கிறாய். நிச்சயம். நீல வட்டம்.

பத்து நாற்பத்தெட்டுக்குப் பச்சை எரிந்தது. ஒரு பொட்டுப் பச்சை, கடுகளவு, ஆனால் அவள் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது, யாரையும் கேட்காமல், படித்துச் சர்ட்டிபிகேட் வாங்காமல், கம்பெனிக்காரன் அடுத்த மாதம் என்று கையை விரித்ததை ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரத்தில் செய்திருக்கிறாள், திரும்பி, "பாருங்க, வந்துருச்சு, நானாக்கும்" என்று சொல்ல வாயெடுத்தாள். அவரும் பச்சையைப் பார்த்துவிட்டார். முகம் விரிந்தது. இடது கை எழுந்தது. எழுந்த கை கீபோர்டுக்கு மேலே நிற்க, கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. கடிகாரத்துக்கு. பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறதா என்று பார்க்கிற கண். அவள் இங்கே நிற்கிறாள், ஒரு கை தூரத்தில், வியர்வையோடு. வாயிலிருந்த நானாக்கும் அப்படியே உள்ளே இறங்கியது, எங்கேயோ போய்க் கல்லாகக் கிடந்தது. அவள் குனிந்தாள், ஒயரைச் சரிசெய்கிற மாதிரி, இரண்டு விரலால் பிடித்து, ஒரு நெல் நீளம், அதற்கு மேல் இல்லை, வெளியே இழுத்தாள். பார்த்தால் சொருகியிருக்கிற மாதிரியே இருந்தது. பச்சை போய்விட்டது. சிவப்பும் இல்லை. ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தை இல்லை, விரலை. கோபம் இல்லை அந்தப் பார்வையில், அதுதான் தாங்க முடியவில்லை, பம்பில் எங்கே காற்று இழுக்கிறது என்று குனிந்து தேடுகிற பார்வை. எழுந்த இடது கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது. சொருகிவிடலாம். ஒரு நெல் நீளம்தான். இப்போது சொருகினால் ஏன் பிடுங்கினாய் என்று கேட்க அவருக்கு வாய் வந்துவிடும். சொருகாவிட்டால். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட், தலைமுடி, செருப்பு ஜோடி.

"சார் ரெடியா ஆன்ட்டி?" மிதுனாவின் மேல் மழைக்கால மல்லிகை வாசனை, ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் அறை முழுக்க. "நீல சட்டையில டக்கரா இருக்கீங்க சார்" என்று உட்கார்ந்தாள், கட்டையை அழுத்தினாள், பெட்டியைப் பார்த்தாள். "என்ன ஆன்ட்டி, லைட்டே இல்லையே?" "காலையிலிருந்து இப்பிடித்தான். நானும் பாத்துட்டே இருக்கறேன்." இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, சாந்தாமணி எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள். மிதுனா பதறுவாள், போன் போடுவாள், அப்போ நான் வெள்ளிக்கிழமை வர்றேன் ஆன்ட்டி என்று பையைத் தூக்குவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். அந்தப் பெண்ணோ, "பரவால்ல சார், கஷ்டமான வழியிலயே போவோம்" என்று பைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தாள், பிளாஸ்டிக் ஒட்டிய வெறும் அட்டை, மேல் வரிசையில் உயிரெழுத்து, கீழே மெய்யெல்லாம் வரிசை வரிசையாக. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற பக்கத்தில், அவர் இடது மணிக்கட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். கீபோர்டு இருந்தபோது நடுவில் ஒரு பலகையாவது இருந்தது. இதையா இழுத்துவிட்டுக்கொண்டேன். இதற்கா அந்த ஒரு நெல் நீளம். உள்ளே போகச் சொல்வாளோ என்று நின்றாள், சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு அவள் நிற்பதே மறந்துவிட்டது. "எப்பவும் போலத்தான் சார். இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு? அதுலிருந்து ஆரம்பிங்க." காலையில் என்ன நடந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். விரல் மெதுவாகப் போய் உயிரெழுத்துக்குக் கீழ் வரிசையின் முதல் எழுத்தில் நின்றது. "க" என்றாள் மிதுனா, உரக்க. க. கழட்டினா. சாந்தாமணிக்கு மொத்தமும் தெரிந்துவிட்டது, சரியாப்போச்சு, சாந்தா ஒயரைக் கழட்டினா, வேண்டுமென்றே கழட்டினா, எட்டு மாதத்தில் அவளைப் பற்றி அவர் எழுதப்போகிற முதல் முழு வாக்கியம், அதையும் எழுதுவது இவளிடம், இவள் அதைத் தேதி போட்டு எழுதி வைப்பாள், டாக்டரிடம் சொல்வாள், மகள் போன் செய்தால் அவளிடமும் சொல்வாள், அம்மா ஏன்மா அப்பிடிப் பண்ணுனே. நானே சொல்லிவிடட்டுமா, எழுத்து எழுத்தாக வருவதற்கு முன்னால், முந்திக்கொண்டு. விரல் கிளம்பியது. கீழே இறங்கியது, ய ர ல வ ழ ள என்று இருக்கிற வரிசைக்கு, அந்த வரிசையேதான், ஐந்தாவது எழுத்து ழ, அங்கேதான் போகிறது. விரல் ய மேல் விழுந்தது, தயங்கியது, நகர்ந்தது. மிதுனா மணிக்கட்டைத் தள்ளவில்லை, தடுக்கவில்லை, மூச்சுக்கூட விடாமல் இருந்தாள், இப்படித்தான் இருப்பாளோ செவ்வாயும் வெள்ளியும். விரல் நின்றது. "ர" என்றாள் மிதுனா.

கர. கர என்று என்ன. கரடி, கரண்டி, கரகம், சாந்தாமணிக்கு ஒன்றும் பொருந்தவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்த எழுத்து அவளுக்குத் தெரியவில்லை, சும்மா நின்றாள், விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு, வேறு வழியில்லாமல். ண. ட. "கரண்ட்டா சார்?" விரல் ஆமாம் என்று அட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கிளம்பியது. அதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது, பாலை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை என்று ஒரு தடவை ஞாபகம் வந்தது, போனது. கரண்ட் போச்சு. மிதுனா ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதினாள். அதனால் கீபோர்டு வேலை செய்யவில்லை. விரல் ஓய்ந்து, மறுபடி எழுந்தது. சாந்தா விடாமல் போராடிப் பார்த்தாள். வியர்த்துவிட்டது. "சூப்பர் சார்!" என்று மிதுனா துள்ளினாள். "அதனாலன்னு போட்டுக் காரணம் சொல்லியிருக்கீங்க, ரெண்டு வாக்கியத்தைச் சேத்து! இது வரைக்கும் இப்படி எழுதினதே இல்லை!" முப்பத்தொரு வருஷம் பம்பு விற்ற வாய். அந்த மனுஷன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, தாராபுரத்தில் எந்த விவசாயியாவது, ஏனுங்க, இது மோட்டார் காயில் எரிஞ்சு போகாதுங்களா, என்று கேட்டால் வைத்துக்கொள்கிற அதே முகம், கோயில் சிலை மாதிரி, இடது கன்னத்தில் மட்டும் ஒரு நூல். இன்றைக்கு வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. தெரிந்தது. சாந்தாமணி குனிந்தாள், மேஜைக்கடியில் ஏதோ விழுந்த மாதிரி, அந்த ஒரு நெல் நீளத்தை உள்ளே தள்ளினாள். பச்சை எரிந்தது. "அட, வந்துருச்சு!" என்று பெட்டியைத் தொட்டுப் பார்த்த மிதுனா, எதையோ யோசித்தவளாக நிமிர்ந்தாள். "வர்ற வழியில அடுத்த தெருவுல எல்லாம் கரண்ட் இருந்துச்சே ஆன்ட்டி. எப்பப் போச்சு?" அவர் அட்டைக்குக் கையைக் கொண்டுபோகவில்லை, கீபோர்டுக்கும் கொண்டுபோகவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார், இனி உன் பாடு என்கிற மாதிரி, காத்துக்கொண்டு. சாந்தாமணி முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், அவசரப்படவில்லை.

"பத்தே முக்காலுக்கு" என்றாள். "எங்க வீட்டுக்கு மட்டும்தான் போச்சு."